யானைக்குப் பின்பக்கம்

ஜனவரி 6

இந்த டைரி கூடலூரில் பெயிண்ட் வாங்கிய கடையில் ஓசியாகக் கொடுத்தது. அவர் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "இந்தா ராணி, வாயால திட்டுறத இதுல எழுதித் திட்டு. என் காதுக்குக் கொஞ்சம் லீவு கெடைக்கட்டும்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் வீட்டுக்காரர் புவனேந்திரன் சொன்ன உருப்படியான யோசனை இது. அரசாங்கத்துக்காக நான் பதினோரு ரெஜிஸ்டர் எழுதுகிறேன். எடை ரெஜிஸ்டர், முட்டை ரெஜிஸ்டர், தடுப்பூசி ரெஜிஸ்டர் என்று வரிசையாக. பன்னிரண்டாவது எனக்கு.

இன்றைக்குத் திட்டு வாங்குகிறவர் சூப்பர்வைசர் மேடம். அங்கன்வாடிப் பிள்ளைகள் படம் வரைவது போல போட்டோ எடுத்து மதியத்துக்குள் ஆப்பில் ஏற்ற வேண்டுமாம். வரையத் தாள் எங்கே என்று கேட்டேன். "லோக்கலா சமாளிங்க டீச்சர்" என்றார். இந்த எஸ்டேட்டில் லோக்கலாகக் கிடைப்பது தேயிலையும் அட்டைப் பூச்சியும்தான். பீரோ மேல் தூசி படிந்து கிடந்த ஆபீஸ் கட்டு ஒன்றைப் பிரித்தேன். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் பளிச்சென்று வெள்ளை. நல்ல கெட்டித் தாள். பதினாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். நித்யஸ்ரீ யானை வரைந்தாள். மாம்பழம் வரையச் சொன்னாலும் அவள் யானைதான் வரைவாள். வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பி, அச்சடித்த பக்கத்தில் இருந்த குரங்குக்கு மீசையும் வைத்தாள்.

போட்டோ ஏற்றினேன். மேடம் மூன்று கைதட்டல் பொம்மை அனுப்பினார். நாளைக்கும் நாளை மறுநாளும் வரைதலாம்.

ஜனவரி 9

அங்கன்வாடிக்குப் பின்னால் பலா மரத்தடியில் மந்தி ஒன்று செத்துக் கிடந்தது. காயம் எதுவும் இல்லை. மரத்திலிருந்து உதிர்ந்தது போலக் கிடந்தது. லைன் வீடுகளில் இருக்கும் எஸ்டேட் சனம் முழுக்க வேலைக்குப் போகாமல் கூடிவிட்டது. மாரியம்மன் கோயில் தலைவர் ராக்கப்பன் வந்து பார்த்துவிட்டு, "சாமி நம்ம எல்லையில வந்து உசுர விட்டிருக்கு. சும்மா குழிக்குள்ள தள்ளப்படாது, முறையா செய்யணும்" என்றார்.

முறையாகத்தான் செய்தோம். நான் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். சரோஜா அக்கா குங்குமம் வைத்தார். பிள்ளைகள் செம்பருத்தி பறித்து வந்தார்கள். மாலை போட்டவர் தூக்கினால்தான் சுத்தம் என்று ராக்கப்பன் சொல்லிவிட்டார். லைனில் பழனிக்கு மாலை போட்டிருப்பவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, மந்தியைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு கோயில் மேடு வரை நடந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுதிவைப்பதில் என்ன வெட்கம்.

குளித்துவிட்டு வந்தவர் இடுப்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். பார்த்தால் எள்ளு மாதிரி மூன்று ஒட்டியிருந்தன. உண்ணி. நகத்தால் கிள்ளிப் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினேன். நாய்க்கு இருக்கிறது, மாட்டுக்கு இருக்கிறது, மந்திக்கு இருக்காதா.

ஜனவரி 15

பொங்கல். நேற்று காலையில் ஆரம்பித்த காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. தலை பிளக்கிறது என்று துண்டால் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். கண் இரண்டும் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி சிவப்பு. எனக்குத்தான் கோபம். பனியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன். மாலை போட்டவர் இரண்டு வேளையும் குளிக்க வேண்டுமாம். முருகன் வெந்நீர் வேண்டாம் என்றா சொன்னார்?

பொங்கலை யாரும் தொடவில்லை. திருப்பூரிலிருந்து மகள் ஷாலினி போன் செய்தாள். அப்பா தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 18

ஈறில் ரத்தம் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டெங்குவாக இருக்கும் என்று பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. ஆனால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டனவாம். அங்கே இருந்த டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தலை நிமிராமல் கேட்டார்.

"காட்டுக்குள்ள போனாரா?"

"இல்ல சார், தேயிலைக்காட்டுல செடி கவ்வாத்து வெட்டுற வேல. பெரிய காட்டுப் பக்கமே போகல."

"சரி, வைரஸ் காய்ச்சல்."

அவ்வளவுதான் வைத்தியம். வைரஸ் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதற்கும் பொறுப்பில்லை.

ஜனவரி 19

குளுக்கோஸ்.

ஜனவரி 20

குளுக்கோஸ். அங்கன்வாடியில் ஆயா முட்டை வேகவைக்கத் தெரியாமல் ஒன்பதை உடைத்துவிட்டாராம். ரெஜிஸ்டரில் எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜனவரி 23

காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தோம். இளைத்துப்போய்த் துவைத்துக் காயப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறார். ஆனால் சிரிக்கிறார். ரசம் கேட்டுக் குடித்தார். பழனிக்குப் போக முடியாது என்பதுதான் அவருக்குக் கவலை.

ஜனவரி 24

மந்திக்குப் பதினாறாம் நாள். ராக்கப்பன் கோயில் மேட்டில் சோறு போட்டார். "சாமிய சுமந்த உடம்பு, சாமி கைவிடுமா" என்று என் வீட்டுக்காரருக்குத் துண்டு போர்த்தினார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பாயசத்தில் சர்க்கரை போதவில்லை.

பிப்ரவரி 1

என் வீட்டுக்காரர் இன்று காலை என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும், "என்னா தம்பி" என்றேன். அவர் விளையாடவில்லை. சட்டைப் பொத்தானைப் போடப் பத்து நிமிடம் முயன்றார். கை ஆடுகிறது. பதினெட்டு வருடமாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. ஒரே வீச்சில் கிளையை வெட்டும், சிலாம்பு விழாது. அந்தக் கை ஒரு பொத்தானைத் தேடுகிறது.

மறுபடி காய்ச்சல். கழுத்தை மடக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் கத்துகிறார். டவுன் ஆஸ்பத்திரிக்காரர்கள் கோவைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வண்டியில் வைத்து வலிப்பு வந்தது. அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் நான் சபித்தேன். குணமாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய அந்த டாக்டரைச் சபித்தேன். துண்டு போர்த்திய ராக்கப்பனைச் சபித்தேன்.

பிப்ரவரி 3

கோவை. தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே விடமாட்டார்கள். ஷாலினி வந்துவிட்டாள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மாலையில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்து என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த மூன்று வாரத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் டாக்டர்.

"உங்க ஊர்ல குரங்கு ஏதாவது செத்துச்சாம்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்றேன். அவர்தான் தூக்கினார் என்றேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மறந்துவிடக் கூடாது.

"இது உண்ணியால வர்ற வைரஸ்மா. குரங்குக்கும் வரும், மனுசனுக்கும் வரும். காட்டு ஓரத்துல குரங்கு காரணமில்லாம சாகுதுன்னா முதல்ல இதத்தான் சந்தேகப்படணும். குரங்கு செத்து உடம்பு ஆறிப்போனா உண்ணி அதுல இருக்காது. இறங்கி வேற உடம்பத் தேடும். இவர் நெஞ்சோட அணைச்சுத் தூக்கியிருக்காரு."

"காய்ச்சல்தான் விட்டுப்போச்சே டாக்டர். நல்லா ரசம் குடிச்சாரே."

"அதான் இதுல மோசம். முதல் காய்ச்சல் விட்டு, ஒரு வாரம் பத்து நாள் நல்லா இருப்பாங்க. எல்லாரும் குணமாயிட்டாங்கன்னு நெனைப்பாங்க. சில பேருக்கு மட்டும் ரெண்டாவது சுத்து வரும். அப்ப மூளையப் பிடிக்கும்."

"மருந்து?"

"இதுக்குன்னு தனி மருந்து கிடையாது. வலிப்ப நிறுத்துறோம், வீக்கத்தக் குறைக்கிறோம். மத்தது அவர் உடம்புதான் பண்ணணும். நெறைய பேர் மீண்டு வந்திருக்காங்க. உங்களுக்கோ பொண்ணுக்கோ அவர்கிட்ட இருந்து ஒட்டாது, பயப்படாதீங்க."

எனக்குப் பயம் இல்லை. வயிறு எரிகிறது. இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே, ஒருவராவது வந்து எங்களுக்குச் சொன்னீர்களா? வனத்துறைக்காரர் யானை வந்தால் மைக் கட்டிக்கொண்டு வருகிறார். சுகாதாரத்துறைக்காரர் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார். ஓட்டுக் கேட்க எல்லோரும் வருகிறார்கள். செத்த குரங்கைத் தொடாதே என்று ஒரு துண்டு நோட்டீஸ், ஒரே ஒரு நோட்டீஸ், யாராவது எங்கள் லைனில் ஒட்டியிருந்தால் இந்த மனிதன் இப்படிக் குழாய்களுக்கு நடுவில் கிடப்பாரா? எஸ்டேட் சனம் என்றால் கேட்பதற்கு ஆளில்லை என்ற எண்ணம். வரட்டும். ஊருக்குப் போனதும் ஒவ்வொருவரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன்.

பிப்ரவரி 4

இரண்டாம் மாடிக்கு ஏறுகிற இடத்தில் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதே குரங்குதான், மீசை மட்டும் இல்லை.

பிப்ரவரி 5

ஷாலினிக்கு டீ. எனக்கு இட்லி. சாப்பிடவில்லை. துணி அலசினேன்.

பிப்ரவரி 7

சுகாதார ஆய்வாளர் ஆல்பர்ட் போன் செய்தார். கோவையிலிருந்து தகவல் போயிருக்கிறது. எங்கள் லைனில் பலா மரத்தைச் சுற்றி மருந்துப்பொடி தூவுகிறார்களாம். அவர் வீட்டு மனிதரைப் பற்றிக் கேட்பது போலத்தான் என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. டிசம்பர்ல ப்ளாக் ஆபீஸ் மீட்டிங்ல குரங்குக் காய்ச்சல் நோட்டீஸ் குடுத்தோம். ஐம்பது தாள் கட்டு. லைன் முழுக்க ஒட்டச் சொல்லி நான்தான் பத்து நிமிசம் பேசுனேன். மேல இருந்து கேக்குறாங்க. உங்க ஏரியாவுல ஒரு தாள் கூட இல்லையே."

"எனக்கு வரல சார்."

"வரலையா?"

"வரலன்னா வரல. எங்க வீட்டுக்காரர் ஐசியூவுல கெடக்கார். இப்ப இதக் கேக்கத்தான் போன் போட்டீங்களா?"

அவர் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார்.

அந்த மீட்டிங்கில் யார் எதைக் கேட்டார்கள்? காலை முதல் மாலை வரை உட்காரவைத்து ஒன்பது பேர் பேசினார்கள். நான் கடைசி வரிசையில் அமர்ந்து எடை ரெஜிஸ்டரைத் திருத்திக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் மேடம் மெமோ கொடுப்பார். கட்டுக் கட்டாகக் கொடுக்கிறார்கள். தாய்ப்பால் கட்டு, கைகழுவும் கட்டு, தேர்தல் கட்டு. ஒட்டப் பசை கொடுத்தார்களா? வரையத் தாள் கொடுத்தார்களா? தாள் கொடுத்திருந்தால் நான் ஏன்

பிப்ரவரி 13

கண் விழித்து நான்கு நாள் ஆகிறது. இன்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். என்னைத் தெரிகிறது. ஷாலினியைத் தெரிகிறது. ஆனால் புதிதாக எதுவும் தலையில் நிற்பதில்லை. காலையில் சொன்னது அடுத்த நாள் இல்லை. டாக்டரம்மா, "அந்த இடத்துல வீக்கம் இருந்துச்சு, மெதுவா வரும். முந்தின நாள் நடந்தது மறுநாள் ஞாபகத்துல நிக்க ஆரம்பிச்சா எனக்கு போன் பண்ணுங்க, அப்புறம் பயம் இல்ல" என்றார்.

காலையில் கேட்டார். "ராணி, எனக்கு என்னா ஆச்சு? எப்புடி வந்துச்சு?"

சொன்னேன். மந்தியைத் தூக்கினீர்கள், உண்ணி கடித்தது, ராக்கப்பன்தான் தூக்கச் சொன்னார் என்றேன்.

பிப்ரவரி 14

அதே கேள்வி. அதே முகம், முதல் தடவை கேட்கிற மாதிரி. டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றேன்.

பிப்ரவரி 16

வனத்துறை என்றேன்.

பிப்ரவரி 17

சூப்பர்வைசர் மேடம் என்றேன். "அவங்க என்னா பண்ணுனாங்க?" என்று கேட்டார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 22

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவரைப் பிடித்து நடக்கிறார். டம்ளரைப் பாதி நிரப்பித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தளும்பிவிடும். முன்பெல்லாம் அதிர்ந்து பேசாத மனிதர், இன்று செருப்பு இடம் மாறியிருந்ததற்குக் கத்தினார். டாக்டரம்மா இதையும் சொல்லித்தான் அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டில் கத்துவது என் வேலை, அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

அங்கன்வாடியைத் திறந்தேன். 'பிள்ளைகளின் கைவேலை' என்று நானே எழுதிய ஃபைலில் நாற்பத்திரண்டு படங்கள். பதினாலு பிள்ளைகள், மூன்று நாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். 'இறந்த குரங்கைத் தொடாதீர்கள். உடனே தெரிவியுங்கள். காட்டோரம் செல்லும்போது உடல் முழுவதும் மூடிய உடை அணியுங்கள். உண்ணி கடித்த பின் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.' நாற்பத்திரண்டு தடவை படித்தேன். வேறு வேலை இல்லாதவள் மாதிரி.

சோறு வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன். ஃபைல் அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்து பீரோவில் வைத்தேன்.

பிப்ரவரி 25

ஆல்பர்ட் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பேசினார். போகும்போது வாசலில் கேட்டேன், மேலே என்ன சொன்னார்கள் என்று.

"மெமோ குடுத்திருக்காங்க டீச்சர். நோட்டீஸ ஒழுங்கா சேர்க்கலன்னு."

"நான் வாங்குனதுக்குக் கையெழுத்து இருக்குமே."

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"இருக்கு டீச்சர். நான் காட்டல. அண்ணன் எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் யார் மேலும் வந்ததில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். நான் பதிலுக்குப் பத்து மடங்கு கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். இப்படி நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது?

பிப்ரவரி 28

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குச் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இன்னொரு மந்தி செத்துக் கிடக்கிறது என்றார்கள். பிள்ளைகளை உள்ளே வைத்து, ஆயாவை வாசலில் நிறுத்திவிட்டு ஓடினேன். போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சரோஜா அக்கா மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சுதாகரன் சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டுவிட்டான். நித்யஸ்ரீயின் அப்பா அவன்.

"தொடாத," என்றேன். "யாரும் கிட்டப் போகாதீங்க."

"என்னா டீச்சர், சாமிய அப்புடியே நாய் இழுக்க விடச் சொல்றீங்களா?"

"இதத் தூக்குனதாலதான் எங்க வீட்டுக்காரருக்கு மூளைக் காய்ச்சல் வந்துச்சு. அதுல இருக்க உண்ணி கடிச்சுத்தான் வந்துச்சு."

"அது ஆஸ்பத்திரிக்காரங்க சொல்றது," என்றாள் சுதாகரனின் பெண்டாட்டி கோகிலா. "பொடி தூவுனப்பவும் கேட்டோம். அப்புடின்னா மொதல்லயே நமக்கு ஏன் சொல்லல? அவ்வளவு ஆபத்துன்னா ஒரு நோட்டீஸாவது ஒட்டியிருப்பாங்கள்ல?"

நான் கோவையில் இந்த டைரியில் எழுதிய அதே வார்த்தை. அவள் வாயிலிருந்து கேட்டேன்.

சுதாகரன் துண்டை உதறிக் குனிந்தான். நான் போய் மந்திக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன்.

"சொன்னாங்க. டிசம்பர்லயே நோட்டீஸ் வந்துச்சு. ஐம்பது தாள். என் கையிலதான் குடுத்தாங்க. நான் படிக்கல. ஒட்டல. அதுக்குப் பின்னாலதான் உங்க புள்ளைங்க படம் வரஞ்சாங்க."

நான் அங்கன்வாடிக்கு ஓடிப்போய் ஃபைலைக் கொண்டுவந்து கோகிலாவின் கையில் கொடுத்தேன். அவள் தன் மகளின் யானையைப் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'இறந்த குரங்கைத் தொடாதீர்கள்' வரை சத்தமாக வாசித்தவள், மீதியை வாசிக்காமல் சுதாகரனின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"ஏன் டீச்சர்," என்றாள். "எங்களுக்குத்தான் படிக்க நேரமில்ல. நீங்க எங்களுக்காகப் படிக்கத்தான அங்க இருக்கீங்க?"

மறுபடி மந்திக்கு முன்னால் போய் நின்றேன்.

ராக்கப்பன் கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தார். நாங்கள் கோவையிலிருந்து திரும்பியதிலிருந்து அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான்தான். அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை, கண் எப்போதும் கலங்கித்தான் இருக்கும்.

"அவன நான்தான தூக்கச் சொன்னேன். ஒரு மாசமா எனக்குச் சோறு எறங்கல டீச்சர். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா?"

ஆல்பர்ட்டுக்கு நானே போன் போட்டேன். கையுறை, பூட்ஸ் போட்ட இரண்டு பேரோடு வந்தார். மந்தியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொட்டியைச் சுற்றிப் பொடி தூவினார்கள். ராக்கப்பன் தூரத்தில் நின்று கற்பூரம் காட்டினார். அதற்கு ஆல்பர்ட் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வந்த மெமோவுக்குப் பதிலாக, நோட்டீஸை வாங்கியது நான்தான் என்று எழுதிக் கொடுத்த தாளை மட்டும் வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 1

மைதா காய்ச்சிப் பசை செய்து நானும் ஆல்பர்ட்டும் லைன் முழுக்க நாற்பத்திரண்டு தாளையும் ஒட்டினோம். வரையாத தாள்கள் எட்டைக் கட்டிலேயே வைத்திருக்கிறேன். கிழிந்தால் மாற்ற வேண்டும். சிலர் நான் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். சரோஜா அக்கா பேசவில்லை. மீசை வைத்த குரங்கு கோயில் சுவரில் இருக்கிறது.

நித்யஸ்ரீ வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், என் யான செவத்துக்குள்ள போயிருச்சு" என்றாள்.

மார்ச் 2

அவரிடம் சொன்னேன். காலையில் வழக்கம்போலக் கேட்டார், எப்புடி வந்துச்சு ராணி என்று. என்னால்தான் என்றேன். கட்டு, பீரோ, படம், குரங்கு, எல்லாம் சொன்னேன். ஆல்பர்ட்டிடம் பொய் சொன்னது வரைக்கும். முடிகிற வரை கேட்டுவிட்டு டம்ளரைச் சுவரில் எறிந்தார். கை ஆடியதால் அது சுவருக்குப் போகவில்லை, கட்டில் காலில் பட்டு உருண்டது. பிறகு போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மார்ச் 3

காலையில் டீ கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். "ராணி, எனக்கு என்னா ஆச்சு? எப்புடி வந்துச்சு?"

நேற்றுச் சொன்னது எதுவும் அவரிடம் இல்லை. மறுபடியும் நான் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். மேடம், டாக்டர், முருகன். கேட்க ஒருவரும் இல்லை, அவரும் நாளைக்கு மறந்துவிடுவார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இன்று டம்ளரை எறியவில்லை. அழுதார்.

மார்ச் 4

சொன்னேன். "போடி வெளிய" என்றார். திண்ணையெல்லாம் ஏது லைன் வீட்டில், தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றேன்.

மார்ச் 6

சொன்னேன். "நம்ம புள்ளைங்க என்னா படம் போட்டுச்சுங்க?" என்று மட்டும் கேட்டார். யானை என்றேன்.

மார்ச் 8

மேடம் மையத்துக்கு வந்தார். எனக்கும் மெமோ வந்தாயிற்று. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன், இந்த முறை முழுக்கப் படித்துவிட்டு. பிறகு மேடத்திடம் வரையத் தாள் கேட்டு எழுதிய விண்ணப்பத்தைக் கொடுத்தேன். இந்த நேரத்தில் இது தேவையா என்றார். இந்த நேரத்தில்தான் தேவை என்றேன். என் தப்பு என்னுடையது. உங்கள் தப்பு உங்களுடையது. அதையும் சேர்த்து நான் சுமக்கமாட்டேன்.

வீட்டில், ஏழாவது முறையாகச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

மார்ச் 12

இன்று அவர் கேட்கவில்லை.

டீயை வைத்துவிட்டு நின்றேன். சொல்ல வேண்டியதை வழக்கம்போல மனதில் வரிசையாக வைத்திருந்தேன். அவர் டம்ளரை எடுத்தார். கை கொஞ்சம்தான் ஆடியது. நான் நிற்பதைப் பார்த்தார். ஒரு மாதமாகக் காலையில் பார்க்கிற பார்வை இல்லை அது. காலைச் சிரிப்பும் இல்லை.

"அந்தக் கட்டுல மிச்சம் எட்டுத் தாள் இருக்குன்னல்ல," என்றார். "தண்ணித் தொட்டிகிட்ட ஒண்ணு ஒட்டு. நேத்து மழையில கிழிஞ்சிருக்கும்."

எட்டு என்று நேற்றுதான் சொல்லியிருந்தேன்.

"சரிங்க" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மதியம் சோறு கொடுத்தேன், வாங்கினார், பேசவில்லை. மாலையிலும் பேசவில்லை.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். நேற்று சொன்னது இன்று அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன். ரொம்ப நல்ல செய்திம்மா என்றார்.